சில்லுக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் பொருளில் மலிவு பார்க்க வேண்டாம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்னரும் வரியோடு சேர்ந்த விலை எங்களில் பலருக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால், யாழ்ப்பாணத்தில் ஃபோர் வீல் ட்ரைவ் வாகனம் விரும்புபவர்கள் பழைய மொன்ரெரோவையும் பிராடோவையும் ஜிம்னியையும்தான் திருத்தி, மெருகேற்றி ஓடுகிறார்கள். அகலமான ரயர் போட்டவுடன் அடுத்து மனம் போவது வீல் ஸ்பேசருக்கு: சில்லுக்கும், அது பூட்டப்படும் அச்சின் முனையான ஹப்புக்கும் நடுவே வைக்கும் அலுமினிய வளையம் அது. சில்லு வெளியே தள்ளி நின்றால் வாகனம் நிலத்தில் அகன்று நிற்கும், ரயர் உள்ளே உரசாது, பார்வைக்கும் எடுப்பாக இருக்கும். கடைக்குப் போனால் மலிவான சோடி ஒன்று கைக்கெட்டிய விலையில் கிடக்கிறது. பெயர் பெற்ற நிறுவனத்தின் சோடி அதன் விலையில் பல மடங்கு. இரண்டும் அலுமினியத் துண்டுதானே, எதற்கு இவ்வளவு காசு என்று பலர் கேட்கிறார்கள். என் நிலைப்பாடு இதுதான்: தரமானதை வாங்கக் காசு போதாவிட்டால் ஸ்பேசர் போடாமலே ஓடுங்கள், மலிவானதைப் போடவே வேண்டாம்.

ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் ஸ்டட் ஆணிகளின் மேல்தான் வாகனத்தின் பாரம் முழுவதும் தொங்குகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். அது அப்படியல்ல. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு இழுபட்டு, றிம்மின் முகத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே பாரத்தையும் பிரேக்கின் இழுவையையும் பெரும்பாலும் சுமக்கிறது. அழுத்தம் தளர்ந்துவிட்டால் சில்லின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் வளைந்து நிமிரத் தொடங்கும். அப்படி வளைந்து வளைந்து உலோகம் களைத்த பிறகுதான் அது முறிகிறது. தனக்கென ஸ்டட் கொண்ட, போல்ட் பூட்டும் வகை ஸ்பேசரைப் போட்டதும், ஸ்பேசர் ஹப்போடும் றிம் ஸ்பேசரோடும் என்று ஒரு பொருத்து இரண்டாகிவிடுகிறது. உள்ளே ஸ்பேசரை ஹப்போடு பிடிக்கும் நட்டுகள் றிம்முக்குப் பின்னால் முற்றாக மறைந்துவிடுகின்றன. வெளி நட்டுகளைக் காலையில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்; உள் நட்டைப் பார்க்கச் சில்லையே கழற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த நட்டுகளை நம்பித்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் வேகமாகப் போகிறோம்.

மலிவானதன் முதற்குறை அதன் நடுத்துளையில் இருக்கிறது. பிராடோ, ஹைலக்ஸ், மொன்ரெரோ மூன்றிலும் ஆறு ஸ்டட். அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் ஒன்றே, 139.7 மில்லிமீற்றர். ஆனால் ஹப்பின் நடுவில் எழும்பி நிற்கும் வளையத்தின் விட்டம், ரொயோட்டாவான முதல் இரண்டுக்கும் ஏறத்தாழ 106 மில்லிமீற்றர், மொன்ரெரோவுக்கு 67. மலிவுச் சோடியைச் செய்பவர் இரண்டுக்கும் போகட்டும் என்று பெரிய துளையையே போட்டுவிடுகிறார். அதை மொன்ரெரோவின் ஹப்பில் வைத்து, நட்டுப் போடாமல் விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள்: துளையின் விளிம்புக்கும் ஹப்புக்கும் நடுவே சுற்றிவரப் பெருவிரல் நுழையும் அளவு வெளி இருக்கும், ஆணிகளில் இருக்கும் இடைவெளி அளவுக்கு ஸ்பேசர் அங்குமிங்கும் நகரும். நடுவில் அமர்த்த எதுவும் இல்லாததால் நட்டுகளின் கூம்பு மட்டுமே அதை மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். சிறிது விலகினாலும் ஸ்டியரிங் நடுங்கும், அந்த நடுக்கமே நட்டைத் தளர்த்தும். தரமான ஸ்பேசரில் உள்பக்கத் துளை அந்தந்த ஹப்பின் அளவுக்கே கடையப்பட்டிருக்கும். வெளிப்பக்கத்தில் றிம் அமர்வதற்கு அதே விட்டத்தில் ஒரு விளிம்பும் எழும்பியிருக்கும். கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்த விளிம்புக்குத்தான் என்பேன்.

அடுத்தது உலோகம். நம்பகமான தயாரிப்பாளர்கள் 6061-T6 அல்லது அதைவிட வலிமையான 7075-T6 என்ற அலுமினியக் கலவையைக் கடைந்து, 10.9 என்ற உறுதித் தரத்து ஸ்டட் பூட்டுகிறார்கள். வார்ப்பில் ஊற்றி எடுத்ததன் உள்ளே காற்றுக்குமிழி இருந்தாலும் வெளியே தெரியாது. இங்கேயே லேத்தில் கடைந்து தருவதாகச் சொல்பவர்களும் உண்டு. எங்கள் பட்டறைக்காரரின் கைத்திறனில் எனக்குப் பெரும் மரியாதை இருக்கிறது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்கள் அவர்கள். ஆயினும் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த அலுமினியக் கட்டி எந்தக் கலவை, எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதை எவ்வளவு தேர்ந்த கையாலும் சொல்ல முடியாது. அளவு துல்லியமாக இருக்கும், உலோகம் எதுவென்று தெரியாது.

சொந்த ஸ்டட் இல்லாத மெல்லிய தட்டு வகை ஸ்பேசரைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 12 மில்லிமீற்றர் ஸ்டட்டில் நட் குறைந்தது 12 மில்லிமீற்றராவது ஏற வேண்டும், புரிக்குப் புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர் என்றால் அது எட்டுச் சுற்று. தட்டை வைத்த பின் எட்டுச் சுற்று ஏறாவிட்டால் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். ஜிம்னிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதன் ஸ்டட் 1.25 புரி, ஸ்பேசரோடு வரும் உள் நட்டுகள் 1.5 ஆக இருந்தால் புரி கெட்டுப்போகும்.

எங்கள் மண்ணுக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. மணற்காட்டு மணலிலும் மழைக்காலத் தரவை வெளியிலும் ஓடிவிட்டு, உப்புக்காற்று வீசும் முற்றத்தில் வாகனத்தை நிறுத்துகிறோம். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அலுமினியம் அரிக்கும். பாதுகாப்புப் பூச்சு ஒழுங்காக ஏறாத மலிவுத் துண்டு ஹப்போடு ஒட்டிப் பிடித்து, சுத்தியலால் அடித்துக் கழற்ற வேண்டிய நிலைக்கு வந்ததைக் கராச்சில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளைத் தூளின் மேல் மறுபடியும் எதைப் பூட்டினாலும் முகம் சமமாக அமராது.

பலருக்கு ஜேர்மனியிலோ அவுஸ்திரேலியாவிலோ அண்ணனோ சித்தப்பாவோ இருப்பார்; அங்குள்ள விதி என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஜேர்மனியில் ஸ்பேசர் போட்டு வீதியில் ஓடுவதற்கு அந்த வாகனத்துக்குப் பொருந்தும் என்ற பரிசோதனைச் சான்று வேண்டும். எய்பாக், எச் அண்ட் ஆர் போன்ற நிறுவனங்கள் அத்தகைய சான்றோடு விற்பவை. அவுஸ்திரேலிய விதிகளோ, தயாரிப்பாளர் பூட்டி அனுப்பாத ஸ்பேசரை அனுமதிப்பதே இல்லை. ஆகவே விலை கூடியது என்பதால் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று நானும் சொல்லவில்லை. 30 மில்லிமீற்றர் வெளியே தள்ளிய சில்லு, எந்த நிறுவனத்தின் ஸ்பேசராக இருந்தாலும், பெயாரிங்குக்குக் கூடுதல் சுமையையே கொடுக்கும். குழியில் விழும்போது ஸ்டியரிங் கையை இழுக்கும்.

பூட்டும் விதத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷால் துடைத்து, துருவும் பெயின்ற்றும் மணலும் இல்லாமல் செய்ய வேண்டும். எயார் கன்னால் அடித்து இறுக்கிவிட்டுப் போகச் சொல்பவரிடம், இறுக்கும் விசையைக் காட்டும் டோர்க் ரெஞ்சால் அளந்து இறுக்கித் தரும்படி தயங்காமல் கேளுங்கள். ஜிம்னிக்கு இறுக்கும் அளவு 100 நியூற்றன் மீற்றர், மற்றவற்றுக்கு வாகனக் கைநூலிலும் ஸ்பேசரோடு வரும் தாளிலும் இருக்கும். நூறு கிலோமீற்றர் ஓடிய பின் சில்லைக் கழற்றி உள் நட்டுகளை மீண்டும் அளக்க வேண்டும். கிரீஸ் ஹப்பின் விளிம்பில் மெல்லிய பூச்சாக இருக்கலாம். ஸ்டட்டின் புரியில் படக் கூடாது, பட்டால் அளவு காட்டுவதைவிடக் கூடுதலாக இறுகி ஸ்டட் இழுபட்டுவிடும்.

இவ்வளவும் சிரமம் என்று தோன்றினால், ஓஃப்செற் (றிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் அமரும் முகத்துக்கும் இடையிலான தூரம்) குறைந்த றிம்மைத் தேடுங்கள். ஓஃப்செற் 30 மில்லிமீற்றர் குறைந்தால் சில்லும் அதே 30 மில்லிமீற்றர் வெளியே வரும், பொருத்து ஒன்றாகவே இருக்கும், நட்டுகள் எல்லாம் கண்முன்னே இருக்கும். பெயாரிங்கின் சுமை மட்டும் அதிலும் குறையாது. பாவித்த நல்ல றிம் நான்கின் விலையைக் கேட்டுப் பார்த்துவிட்டு ஸ்பேசர் கடைக்குப் போங்கள். ஏற்கெனவே மலிவுச் சோடி பூட்டி ஓடிக்கொண்டிருப்பவர்கள் அடுத்த வன்னிப் பயணத்துக்கு முன் நான்கு சில்லையும் கழற்றி, ஸ்டட்டின் அடியில் வெடிப்பும் ஆணித்துளையைச் சுற்றித் தேய்ந்த மினுக்கமும் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்தச் சோடியைத் திரும்பப் பூட்ட வேண்டாம், வேறொருவருக்கு விற்கவும் வேண்டாம்.