2020இல் மூடியது கட்டடங்களைத்தான்
ஒருவர், 2020இல் கொரோனாவுக்காக இலங்கைப் பல்கலைக்கழகங்களை மூடியபின் நம்ம கோணேசபுரி வளாகம் (கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம்) உட்பட எங்குமே படிப்பு நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியில்லை. மூடியது கட்டடங்களைத்தான். அரச பல்கலைக்கழகங்களின் விரிவுரைகள் 'லேர்ன்' என்ற பொது வலையமைப்பு வழியாக ஸூமுக்கு மாறின. அந்த வழிக்குத் தொலைபேசி நிறுவனங்கள் டேட்டாக் காசு எடுக்காததால்தான் நிறையப் பேரால் சேர முடிந்தது. (சிக்னல் கிடைக்காத பிள்ளைகள் பட்ட பாடு வேறு கதை, அதை நான் மறுக்கவில்லை.)

சந்தேகமென்றால், அப்போது படித்த யாரிடமாவது பழைய வாட்ஸ்அப் குழுவில் 2020 நடுப்பகுதிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 'லேர்ன்' என்று தொடங்கும் ஸூம் முகவரிகள், திகதியும் நேரமுமாக அங்கேயே கிடக்கும்.