சுவிட்ச் செய்கிறவர்களே, நாலு மணித்தியாலம் யாரைக் கேட்டு வைத்தீர்கள்?

14,400 செக்கன். ஒரு சுவிட்ச் (கொம்பியூட்டர், பிரின்டர் எல்லாவற்றையும் வயரால் இணைக்கிற பெட்டி) ஒரு மெக் அட்ரஸை (கருவிக்குள்ளேயே பதிந்துவருகிற இலக்கத்தை) நாலு மணித்தியாலம் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய தேவை என்ன என்று யாராவது எனக்கு விளங்கப்படுத்துங்கள் பார்ப்போம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரக் கடை. அங்கே ஐடி நான்தான். கமராவிலிருந்து கெஷியர் அக்காவின் போன் சார்ஜர் வரைக்கும் என் தலையில். பில் பிரின்டர் செத்துப்போச்சு. யுனிட்டி பிளாசாவுக்குப் போய் அதே மொடல் வாங்கி வந்து, அதே ஐபி (நெட்வேர்க்கில் நாங்கள் கொடுக்கிற இலக்கம்) போட்டு, அதே வயரைச் செருகினேன். மேல்மாடிக் கணக்குப் பிரிவிலிருந்து கொடுத்தால் அடிக்குது. கீழே கவுண்டரிலிருந்து கொடுத்தால் ஒன்றும் வருதில்லை. சனிக்கிழமை, கடை நிறையச் சனம். "என்ன தம்பி, புதுசு வாங்கியுமா?" என்று முதலாளி எல்லாருக்கும் கேட்கக் கேட்கிறார்.

விஷயம் இதுதான். கணக்குப் பிரிவும் பிரின்டரும் ஒரே விலான், அதாவது சுவிட்சுக்குள் பிரித்துவைத்த ஒரே நெட்வேர்க். கவுண்டர் வேறு விலான். அங்கிருந்து வருவதெல்லாம் சுவிட்ச் வழியாகத்தான் ரவுட் ஆகும். எந்த ஐபிக்கு எந்த மெக் என்று சுவிட்ச் எழுதிவைக்கிற ஆர்ப் டேபிளில் அந்த ஐபிக்கு எதிரே செத்துப்போன பிரின்டரின் மெக் இன்னும் குந்திக்கொண்டிருக்குது. கொம்பியூட்டர் என்றால் எழும்பியவுடனே "இந்த ஐபி இனி என்னுடையது" என்று தானாகக் கூவும், சுவிட்சும் திருத்திக்கொள்ளும். இந்தப் பிரின்டர் கூவுகிற ஜாதி இல்லை. யாராவது கூப்பிட்டால்தான் வாய் திறக்கும். கூப்பிடுகிற கடிதமோ செத்தவன் வீட்டுக்குப் போகுது.

இந்த ஆர்ப் பதிவை எவ்வளவு நேரம் நம்புவது என்ற தவணை ஆளுக்கு ஆள் வேறு. லினக்ஸ் மெஷின் ஒரு நிமிஷ அளவில் சந்தேகப்பட்டுத் திரும்ப விசாரிக்கும். ஜூனிப்பர் கொம்பனிப் பெட்டிகளில் 20 நிமிஷம். சிஸ்கோ கொம்பனியின் ஐஓஎஸ் மென்பொருளில் நாலு மணித்தியாலம், எங்கள் கடைப் பெட்டியும் அதே கணக்கு. இதில் பெரிய பகிடி, மெக் டேபிளின் தவணை 300 செக்கன்தான்! எந்தப் போர்ட்டில் (வயர் செருகும் துளையில்) ஆள் இருக்கிறான் என்பதை ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடும், ஆளின் மெக்கை மட்டும் நாலு மணித்தியாலம் மறக்காது. மற்றவர்களின் பதிவுகளை வாங்கிவைக்க மட்டும் செய்து பதில் பேசாத லொக் சர்வர் ஒன்று இருந்தால், அது எந்தப் போர்ட்டில் என்று தெரியாமல் அதற்கு வருகிற ஒவ்வொரு பக்கெட்டையும் அந்த விலானின் எல்லாப் போர்ட்டுக்கும் நகலெடுத்து இறைக்கும். ஆர்ப் தவணை மெக் தவணையை விடக் குறைவாக இருக்க வேணும் என்பது இவர்களுக்குத் தெரியாததா? சிஸ்கோவின் நெக்ஸஸ் வகைச் சுவிட்சில் ஆர்ப் 1,500 செக்கன், மெக் 1,800 செக்கன் என்று ஒழுங்காகத்தானே வைத்திருக்கிறார்கள்.

ஆர்ப்பை வகுத்து 1982இல் வந்த இணைய விதி ஆவணமான ஆர்எஃப்சி 826, தவணை விஷயம் தன் வேலை இல்லை என்று கைகழுவியது. சரி, அந்தக் காலம். 1989இல் ஆர்எஃப்சி 1122, பழைய பதிவைக் கழிக்க வழி கட்டாயம் வேணும், தவணை வைத்தால் அதை மாற்றக்கூடியதாக இருக்க வேணும் என்று எழுதியாச்சு. எங்கள் பெட்டியிலும் மாற்றலாம்தான். எங்கே? வெப் பக்கத்தில் மெக் தவணைக்கு மட்டும் அழகான கட்டம். ஆர்ப் தவணைக்குக் கொமாண்ட் லைனில் போய், விலான் இன்டர்ஃபேஸ் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அடிக்க வேணும்.

அடிக்க எனக்கு அனுமதி இருந்தால்தானே! சுவிட்சைப் பொருத்திய கொம்பனி எனக்குத் தந்தது பார்க்க மட்டும் முடிகிற லொகின். பிழையான அந்த ஒரு வரி கண்ணுக்கு முன்னாலே இருக்குது, அழிக்க ஏலாது. அட்மின் பாஸ்வேர்ட் கேட்டால் "செக்கியூரிட்டி சேர்". கோல் எடுத்தால் மறுமுனையில் ஒரே மந்திரம்: "ஓஃப் கரலா ஓன் கரன்ன" (சிங்களத்தில், ஓஃப் பண்ணிவிட்டு ஓன் பண்ணுங்கள்).

ஓஃப் பண்ணினால் சரிவரும்தான், டேபிளே காலியாகிறதே! கூடவே கமரா, டெலிபோன், கார்ட் மெஷின் எல்லாம் படுக்கும். அது திரும்ப எழும்பும் வரைக்கும் சனத்துக்கு யார் பதில் சொல்வது? பிரின்டரின் ஐபியை மாற்றலாமே என்பீர்கள். மாற்றினால் ஒவ்வொரு கவுண்டரிலும் டிரைவரைத் திறந்து மாற்ற வேணும், அதுவும் சனிக்கிழமை நெரிசலில்.

வயிறு எரிகிறது எதற்கென்றால், இந்தத் தவணை ஏற்கனவே ஒருக்கால் குறைக்கப்பட்டது. அந்தக் கொம்பனிப் பெடியன்தான் வந்து 270 செக்கனாக்கினான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சேமிக்காமல் பேக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பிறகொரு நாள் கரண்ட் போய் வந்தது, திரும்ப 14,400. சேமிக்க ஒரு வரி அடித்தால் போதும். அதற்கு அவர்கள் வந்துபோகும் காசு தனியாக பில் போடுவார்கள், நாங்களும் கட்டுவோம்.

பாஸ்வேர்டைத் தாருங்கள், அந்த வரியை நானே அடிக்கிறேன். சுவிட்ச் எங்கள் முதலாளி காசு கொடுத்து வாங்கியது.