தன்னைச் சாடும் பாட்டைத் தானே செதுக்கியவர்கள்

மனம் உடைந்தால்தான் நல்ல பாட்டு பிறக்கும் என்று சொல்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். அவர்கள் கையோடு கொண்டுவரும் சாட்சி ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ‘ரூமர்ஸ்’. ஒரே ராக் குழுவுக்குள் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள், காதலர்கள் இருவர் பிரிந்தார்கள், டிரம்ஸ் வாசிப்பவரின் வீட்டிலும் மணவாழ்க்கை முறிந்தது, உலகுக்கு ஓர் ஆல்பம் கிடைத்தது என்று கதையை முடித்துவிடுகிறார்கள். தினம்தோறும் எத்தனையோ பேர் பிரிகிறார்கள். அத்தனை பேரும் நாலு வரி உருப்படியாக எழுதிவிடுகிறார்களா என்ன?

எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

1976ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐந்து பேரும் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் ‘ரெக்கார்ட் பிளான்ட்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடினார்கள். ஜன்னலே இல்லாத கட்டடம். பேஸ் கிடார் வாசித்த ஜான் மெக்வீயும் கீபோர்டு வாசித்துப் பாடிய கிறிஸ்டின் மெக்வீயும் எட்டு ஆண்டு மணவாழ்க்கையை முடித்துக்கொண்டிருந்தார்கள். கிடார் கலைஞர் லிண்ட்சி பக்கிங்ஹாமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும் குழுவில் சேரும்போதே ஜோடியாக வந்தவர்கள், அவர்களுக்குள்ளும் முறிந்துவிட்டது. டிரம்ஸ் வாசித்தவரும் குழுவின் தூணுமான மிக் ஃப்ளீட்வுட்டின் மனைவி, சில ஆண்டுகளுக்கு முன் அதே குழுவில் இருந்த கிடார் கலைஞரோடு உறவு கொண்டிருந்தார். அந்த மணமும் விவாகரத்தில் போய் நின்றது. ஆனாலும் குழுவைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. 1975இல் வெளிவந்த முந்தைய ஆல்பம் மெல்ல மெல்ல ஏறி, 1976 செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடத்தைத் தொட்டது. ரசிகர்கள் அடுத்த ஆல்பத்துக்காகக் காத்திருந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்றுவரை வியக்க வைக்கிறது.

ஒருநாள் ஸ்டீவி நிக்ஸ் அதே கட்டடத்தில் ஸ்லை ஸ்டோன் என்ற இசைக்கலைஞருக்காக அமைக்கப்பட்டிருந்த அறைக்குள் போய், கறுப்பு வெல்வெட் விரித்த பெரிய கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கீபோர்டில் ஒரு பாட்டைப் பத்தே நிமிடத்தில் எழுதி முடித்தார். அதுதான் ‘ட்ரீம்ஸ்’. தன்னைவிட்டு விலகிப் போகும் ஆணைப் பார்த்து ஒரு பெண் சொல்வதுபோல் அமைந்த பாட்டு. அந்த ஆண் யார் என்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பக்கிங்ஹாமுக்கும் தெரியும். முதலில் கேட்டபோது கிறிஸ்டினுக்கு அது சலிப்பூட்டியதாம்; மொத்தமே மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்), இடது கையில் ஒரே ஸ்வரம். அதை எடுத்து, அதே கார்டுகளை வைத்துக்கொண்டே ஒன்றுக்கொன்று வேறாக ஒலிக்கும் மூன்று பகுதிகளாகச் செதுக்கிக் கொடுத்தவர் பக்கிங்ஹாம். தன்மீது வீசப்பட்ட பாட்டுக்குத் தன் ஞானம் முழுவதையும் கொடுத்தார். அரைகுறையாக வாசித்துவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. 1977 ஜூனில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்தக் குழுவுக்கு அங்கே முதலிடம் வாங்கித் தந்த ஒரே பாட்டு அதுதான்.

ஜான் மெக்வீயின் நிலைமை இன்னும் கொடுமை. கிறிஸ்டின் எழுதிய ‘யூ மேக் லவிங் ஃபன்’ அவருடைய புதிய காதலரைப் பற்றியது. அந்தக் காதலர் வெளியாள்கூட இல்லை. குழுவின் மேடை விளக்குகளைக் கவனித்துக்கொண்டவர். சச்சரவு வேண்டாம் என்று, அந்தப் பாட்டு தன் நாயைப் பற்றியது என்று கிறிஸ்டின் கணவரிடம் சொல்லிவைத்தார். இப்போது அந்தப் பாட்டின் பேஸ் கிடாரை மட்டும் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். துள்ளலாக, உற்சாகமாக, பாட்டையே தோளில் தூக்கிக்கொண்டு போகிறது. வாசித்தவர் ஜான்.

பக்கிங்ஹாமும் சும்மா இருக்கவில்லை. ‘கோ யுவர் ஓன் வே’ பாட்டில் நிக்ஸ் வேறு ஆண்களோடு போய்க் குடியிருக்கவே விரும்பியதாகப் பொருள்படும் ஒரு வரியை எழுதினார். அது பொய் என்று நிக்ஸ் கொதித்தார், எடுத்துவிடச் சொன்னார். அவர் எடுக்கவில்லை. அந்தப் பாட்டில் இணைக்குரல் கொடுத்து, மேடை மேடையாக அவர் பக்கத்திலேயே நின்று பல ஆண்டுகள் பாடினார் நிக்ஸ். இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. எழுதியவரின் உரிமை என்று சொல்லி இதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. பதில் சொல்லவே இடம் கொடுக்காத ஒரு குற்றச்சாட்டை, குற்றம் சாட்டப்பட்டவரையே பாட வைப்பது அநியாயம். பாட்டு அபாரமாக இருப்பதால் அநியாயம் இல்லாமல் போய்விடாது.

வேதனையே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்பவர்கள் அந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவு நாடாவின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாதக்கணக்கில் ஒரே நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் அதன் மேல்பூச்சு தேய்ந்து, டிரம்ஸின் கூர்மையான ஓசைகள் மங்கிவிட்டன. நல்லவேளையாக, ஒலிப்பதிவாளர் கென் கலே தரப்பினர் அடிப்படை வாசிப்புகளை இன்னொரு நாடாவிலும் பதிந்து வைத்திருந்தார்கள். ஒரு தொழில்நுட்பக் கலைஞர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு காதில் தேய்ந்த நாடா, மறு காதில் தேயாத நாடா என்று கேட்டு, டிரம்ஸின் பகுதிகளான ஹை-ஹாட்டும் ஸ்னேரும் இரண்டிலும் ஒரே நொடியில் விழும்படி வேகத்தைக் கையாலேயே கூட்டியும் குறைத்தும், மேலே சேர்த்த குரல்களையும் கிடாரையும் புதிய நாடாவுக்கு மாற்றினார். ‘தி செயின்’ பாட்டைப் பிளேடால் வெட்டி ஒட்டியே உருவாக்கினார்கள். கிறிஸ்டினின் வேறொரு பாட்டிலிருந்து வந்த இறுதிப் பகுதி, நிக்ஸ் எழுதிய வரிகள் என்று துண்டு துண்டாகச் சேர்ந்தது அது. ஆல்பத்தில் ஐந்து பேரின் பெயரும் போட்ட ஒரே பாட்டும் அதுதான். கண்ணீர் இவ்வளவு நுணுக்கமாக நாடா வெட்டாது.

அந்த ஒலிப்பதிவு நாட்களில் குழுவுக்குள் புழங்கிய கொகெயின் என்ற போதைப்பொருளையும் இதே போலப் புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை; நிக்ஸ் தன் மூக்குக்கும் உடம்புக்கும் நேர்ந்ததைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

1977 பிப்ரவரி 4 அன்று வெளியான அந்த ஆல்பம் அமெரிக்காவில் மொத்தம் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. உலகெங்கும் 4 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றன. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் வந்தது. ஆனால் அதற்குள் இருந்திருக்க வேண்டிய ஒரு பாட்டு இல்லை. ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’. நிக்ஸ் எழுதியது, என் காதுக்கு அவருடைய ஆகச் சிறந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் தரம் கெடாமல் அடங்குவது இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம். இந்தப் பாட்டு நீளம் என்று எடுத்துவிட்டார்கள். முடிவை ஃப்ளீட்வுட் வந்து சொன்னபோது நிக்ஸ் கதறினார். கடைசியில் அது எங்கே போனது தெரியுமா? அவரைக் குத்திய அதே ‘கோ யுவர் ஓன் வே’ பாட்டு தனியாக வந்த சிறிய இசைத்தட்டின் பின்பக்கத்துக்கு.

இருபது ஆண்டுகள் கழித்து, 1997இல் ‘தி டான்ஸ்’ நிகழ்ச்சிக்காக ஐந்து பேரும் மீண்டும் மேடையேறியபோது ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாட்டைப் பாடினார்கள். பாட்டின் கடைசிப் பகுதியில் நிக்ஸ் பக்கவாட்டில் திரும்பி, பக்கிங்ஹாமைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே பாடுகிறார். அவரும் பார்வையை விலக்காமல், கிடாரை நிறுத்தாமல், இணைக்குரலைக் கைவிடாமல் பாடுகிறார். சமரசம் ஆகிவிட்டது என்று அதைப் பார்த்து நெகிழ்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது, அதன் நடுவிலும் இருவருக்கும் ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லை. நான் சொல்லிவருகிற உழைப்பு இதுதான்.

2004இல் வந்த மறுபதிப்பில் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ சேர்க்கப்பட்டது. இதுவரை ‘ரூமர்ஸ்’ கேட்காதவர்கள் அந்தப் பதிப்பையே தேடிக் கேளுங்கள்.