சவப்பெட்டியின் முன்னாலும் கட்சிச் சண்டையா?

ராணுவ வீரர் ஒருவர் இறந்த செய்தி வந்த சில நிமிடங்களிலேயே, அவர் பெயரைக்கூட முழுதாக வாசிக்காமல், இது யாருடைய குற்றம் என்று இரு தரப்பும் மல்லுக்கட்டத் தொடங்கிவிடும் இந்த வழக்கம் என்றுதான் ஒழியும்? 2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் தற்கொலைப்படைத் தாக்குதலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் மாண்டார்கள். அவர்களில் தூத்துக்குடி மாவட்டத்துக்காரரும் உண்டு, அரியலூர் மாவட்டத்துக்காரரும் உண்டு. 2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 பேர். அவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். இரண்டு முறையும் கண்ணீர் காயுமுன்னே வாய்ச்சண்டை தொடங்கிவிட்டது.

அரசைக் கேள்வி கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்டே ஆக வேண்டும். ஆனால் கேட்டவரைத் தேசத்துரோகி என்பதும், அஞ்சலி செலுத்தியவரை ஆளுங்கட்சியின் அடிவருடி என்பதும் என்ன நியாயம்? 1984 முதல் நம் ராணுவம் காவல் காக்கும் சியாச்சின் பனிமலையில் குண்டுகளைவிடக் குளிரும் பனிச்சரிவுமே அதிக உயிர்களைக் குடித்திருக்கின்றன. அங்கே ஒரே கூடாரத்தில் படுத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் எந்தக் கட்சி என்று விசாரித்துவிட்டா காவலுக்குப் போகிறார்கள்?

பெட்டியின் மேலிருந்த மூவர்ணக் கொடியை மடித்து, அதன்மேல் அவருடைய தொப்பியை வைத்து மனைவியின் கையில் கொடுக்கும் அந்த ஒரு நிமிடத்திலாவது கட்சித் துண்டுகள் விலகி நிற்கக் கூடாதா? டிசம்பர் 7, கொடிநாள். போரில் கணவரை இழந்தவர்களுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் நிதி திரட்ட உண்டியல் வரும்போது, தொண்டை கிழியக் கத்திய இவர்களில் எத்தனை பேர் சட்டைப்பையில் கைவிடுகிறார்கள்?