நட்சத்திரம் கேட்கிற இடம்

“மனம் சரியில்லை என்றால் வைத்தியரிடம் போகாமல் கோயிலைச் சுற்றுகிற சனம் திருந்தாது” என்று நண்பர் ஒருவர் சென்ற கிழமை எழுதியிருந்தார். வெளிநாட்டில் இருக்கிறார். நல்ல மனிதர். அவருக்குப் பதில் எழுதத் தொடங்கி நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன்.

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கின் வாங்கில் ஒருத்தி காலையில் உட்கார்ந்தால், மத்தியானத்துக்குள் ஊர் அவளுக்கு ‘விசர்’ என்று பெயர் வைத்துவிடும். கலியாணம் பேசுகிற வயதில் மகள் இருந்தால் அந்தப் பேச்சும் அதோடு நின்றுவிடும். கோயிலுக்குப் போகிறவளை ஏன் போகிறாய் என்று எவரும் கேட்பதில்லை. கையில் தேங்காயும் கற்பூரமும் இருந்தால், தூணடியில் ஒரு மணி நேரம் அழுதாலும் அது பக்தி. மடு மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று அழுகிறவளுக்கும் அப்படித்தான். நண்பர் மூடநம்பிக்கை என்கிறார். நான் அதை மறைப்பு என்பேன்.

என் அக்காவின் மகன் 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகல் பக்கம் சனநெரிசலில் பிரிந்தவன். இன்றுவரை தகவல் இல்லை. அந்தியேட்டி என்ற இறந்தவர் கிரியையைச் செய்யவும் மனம் வராது, செய்யாமல் இருக்கவும் முடியாது. போன இடமெல்லாம் மரணச் சான்றிதழ் எடுங்கள், உதவி கிடைக்கும் என்றார்கள். அம்மன் கோயிலில் மட்டும் பூசாரியார் தட்டை வாங்கிக்கொண்டு “பெயர், நட்சத்திரம்?” என்று கேட்பார். அக்கா மகனின் பெயரைச் சொல்லி, அவிட்டம் என்பாள். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் செய்வார்கள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒருநாள் மாலைப் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் அக்கா மண்டபத்தில் அப்படியே இருந்திருக்கிறாள். பூசாரியார் கதவைச் சாத்தாமல் பக்கத்துப் படியில் வந்து இருந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாராம்: “பிள்ளை, செத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறாயா?” நாங்கள் எல்லோரும் கேட்கப் பயந்த கேள்வி. கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று நினைத்திருந்தோம். அப்படி நடப்பதில்லை என்று உளவளத்துணையாளர் ஒருவர் பிறகு விளக்கினார். அன்றைக்கு அக்கா ஓம் என்று தலையாட்டிவிட்டு அழுதிருக்கிறாள். இரண்டு மணி நேரம்.

அவரது அடுத்த கேள்வி, “அத்தான் வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினி வீட்டில் எங்கே இருக்கிறது?” அன்றிரவே சைக்கிளில் வந்து, எல்லாவற்றையும் ஒரு உரப்பையில் கட்டி, கோயில் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டினார். அவர் ஆராய்ச்சி எதுவும் படித்தவரில்லை. ஆனால் 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்திருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய கிருமிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தக் காலத்தில் சனத்தின் கவலையா குறைந்தது? அந்த ஒரு இரவில் நஞ்சு கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாள் அவரே அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். பொலிஸ் வரும் என்று அவள் பயந்திருந்தாள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டது என்று தாதி சொன்ன பிறகுதான் வாய் திறந்தாள். வாங்கில் விபூதிப் பூச்சோடு இருந்த பூசாரியாரைத்தான் நோயாளி என்று பலர் நினைத்தார்களாம். அதை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்.

எல்லாப் பூசாரியாரும் இப்படி இல்லை. அதையும் சொல்லாவிட்டால் நண்பருக்கு நான் பொய் சொன்னவனாவேன். எங்கள் அயலில் ஒரு பெடியனுக்குக் குரல்கள் கேட்டன. செய்வினை என்று ஒருவர் கழிப்புக் கழித்தார். இன்னொருவர் விசுவாசம் இருந்தால் ஆஸ்பத்திரிக் குளிசை எதற்கு என்று நிறுத்தச் சொன்னார். நிறுத்தினான். ஒரு மாதத்துக்குள் கட்டிவைக்க வேண்டிய நிலை. நூல் கட்டுங்கள், தலையில் கைவைத்து ஜெபியுங்கள், எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. குளிசையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

போரில் முழுச் சமூகமும் காயப்பட்டது, சடங்குகளுக்கும் அதை ஆற்றும் பலம் உண்டு என்று உளநல வைத்தியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். அப்படியானால் பூசாரியார், பாதர், பாஸ்டர், மௌலவி எல்லோரையும் கூப்பிட்டு, எதைக் கேட்பது, எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று சொல்லிக்கொடுப்பதில் என்ன கஷ்டம்? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம், முதலுதவிக் கொட்டகை போடுகிறோம். பக்கத்தில் ஒரு பாய் விரித்து, கதை கேட்க இரண்டு பேரை இருத்த முடியாதா? உபயகாரர் பெயர்கள் எழுதிய சுவரில் 1926 என்று தேசிய மனநல உதவி இலக்கத்தையும் எழுதலாம். அதற்கு உபயம் நான் தருகிறேன்.

அக்கா மாதம் தவறாமல் கிளினிக் போகிறாள். கொப்பியும் குளிசையும் அர்ச்சனைத் தட்டு வைக்கிற அதே பைக்குள். வயலுக்கு மருந்தடிக்கிற நாளில் அத்தான் கோயிலுக்குப் போய்த்தான் போத்தலைக் கேட்க வேண்டும். பூசாரியார் எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பொழுதுபடுவதற்குள் கொண்டுவா என்கிறார். ஒருநாள் பிந்திவிட்டது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்கே வந்துவிட்டார்.