செவ்வாய்க்கிழமை இரவை எங்களிடமிருந்து பறிக்காதீர்கள்

நேற்று இரவு 7.30 மணிக்கு, நாங்கள் ஐந்து மீனவ நண்பர்கள் சேர்ந்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தின் சர்வர் மறுபடியும் மூடப்பட்டது. "திட்டமிட்ட தரவு மையப் பராமரிப்பு", அதாவது சர்வர்களை வைத்திருக்கும் கட்டடத்தில் பழுதுபார்ப்பு, என்ற ஒரே வரி திரையில் வந்து நின்றது, 10.15 வரை அது நகரவில்லை. தொடர்ந்து நான்காவது செவ்வாய்க்கிழமையாக இதே கதை நடந்திருப்பதால், இனியும் பொறுத்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

எங்கள் வாரம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால்தான் இந்தக் கோபம் புரியும். ராமேசுவரம் பகுதி விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்கள்தான் கடலுக்குப் போகின்றன. திங்கள்கிழமை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போகிற நாங்கள், செவ்வாய் காலை கரை திரும்பி, மீனை இறக்கி, வலையைச் சரிபார்த்து, உடல் அசந்து தூங்கி எழுந்தால், ஐந்து பேரும் ஒன்றாக விளையாடக் கிடைப்பது இரவு 7.30 முதல் 10 வரையிலான இரண்டரை மணி நேரம் மட்டுமே. வியாழன் இரவில் இருவர் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு கோயிலுக்கும் வீட்டுக்கும் உரியது. அந்த ஒரே இரண்டரை மணி நேரத்தின் மீதுதான் ஆட்டத்தை நடத்தும் இந்த நிறுவனத்தார் சரியாகக் கை வைக்கிறார்கள்.

ஏன் எப்போதும் 7.30 என்று தேடிப் பார்த்தேன். அறிவிப்பில் அவர்கள் போட்டிருப்பது அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 7 மணி. அங்கே ஆட்டக்காரர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்புகிற, கூட்டமே இல்லாத பொழுது. கோடைக்கால நேரத்தில் அது நமக்கு இரவு 7.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் 8.30 ஆகிவிடும். அப்போதும் எங்கள் பொழுதுக்கு நடுவில்தான் வந்து விழும். யாருக்கும் தொந்தரவில்லாத நேரம் என்று அவர்கள் கணக்குப் போட்டபோது, அந்த "யாருக்கும்" என்பதில் நாங்கள் இல்லை. ஆட்டத்தின் கட்டணச் சீட்டான சீசன் பாஸுக்குப் பணம் வாங்கும்போது மட்டும் எங்களை மறப்பதில்லை. அதை ரூபாயில், நம் நேரத்தில், நொடி பிசகாமல் எடுத்துக்கொள்கிறார்கள்.

பராமரிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டி, வண்ணம் அடிக்கிறவர்கள் நாங்கள்; பழுது பார்க்காத பொருள் நடுக்கடலில் கைவிடும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தேதி எல்லாருக்கும் முன்பே தெரியும், வீட்டுச் செலவை அதற்கேற்ப ஒதுக்கி வைக்க முடியும். இவர்களுடைய அறிவிப்போ, மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வந்தது.

எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது இன்னொன்று. தரவு மையங்களுக்கு அப்டைம் இன்ஸ்டிடியூட் வகுத்த தரத்தில் மூன்றாம் நிலை என்று ஒன்று உண்டு; மின்சாரப் பாதையையோ குளிரூட்டியையோ யூபிஎஸ்ஸையோ கழற்றிப் பழுது பார்க்கும்போதும், மாற்று வழியில் கணினிகள் நிற்காமல் ஓட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நாங்கள் ஆடும் ஆட்டம் மும்பைச் சர்வரில் ஓடுவதாகத்தான் ஆட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அப்படியிருக்க, அமெரிக்காவில் ஒரு கட்டடத்தில் பராமரிப்பு நடந்தால் மும்பை ஏன் சாக வேண்டும்? அவர்களே தந்த பதில், ஆட்டத்துக்குள் நுழைகிறவர் யார் என்று சரிபார்க்கும் லாகின் தரவுத்தளம் அங்கே மட்டும்தான் இருக்கிறது என்பது. இரண்டாவது பிரதி ஒன்றை வேறிடத்தில் வைத்து, ஒன்றை மூடும்போது மற்றொன்றுக்கு மாற்றிவிடுவது இந்தத் துறையில் பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருக்கும் முறை. அந்தச் செலவை மிச்சம் பிடித்து, அதன் விலையை எங்கள் இரவுகளில் கழிக்கிறார்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தி, ரயில்கள் எதிர்க்கரையிலுள்ள மண்டபம் ஊரோடு நின்றபோதும் எங்கள் தீவு துண்டிக்கப்படவில்லை, ஏனென்றால் பக்கத்திலேயே 1988இல் திறந்த சாலைப் பாலம் இருந்தது. மாற்றுப் பாதை என்றால் என்ன என்று அந்த இரண்டு ஆண்டுக்கு மேலான காலத்தில் தினமும் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள்.

"விளையாட்டுதானே, விட்டுத் தள்ளு தம்பி" என்கிறார் எங்கள் படகு டிரைவர் அண்ணன். விட முடியவில்லை அண்ணே. வாரப் போட்டி புதன் அதிகாலையோடு முடிகிறது; ஐந்து பேரும் சேர்ந்து ஆடினால்தான் அதன் பரிசு கிடைக்கும். நான்கு வாரமாக எங்கள் கணக்கில் பூஜ்யம் ஏறியிருக்கிறது, ஈடாக வந்தது ஆட்டத்துக்குள் மட்டும் செல்லும் ஒரு கைப்பிடி நாணயங்கள். போட்டியின் முடிவு நேரத்தை, சர்வர் மூடியிருந்த அளவுக்காவது நீட்டுங்கள். பராமரிப்பை இந்தியாவில் அதிகாலை 4 மணிக்கு வையுங்கள், அல்லது வாரத்துக்கு வாரம் நேரத்தை மாற்றி அந்தச் சுமையை எல்லா நாட்டுக்காரர்களுக்கும் பகிர்ந்து கொடுங்கள். அறிவிப்பில் நம் நேரத்தையும் போடுங்கள்.

நேற்று 10.15க்குச் சர்வர் திறந்தபோது நான் மட்டும்தான் உள்ளே போனேன். காலையில் டோக்கன் வாங்க வேண்டும் என்று மற்ற நால்வரும் படுத்துவிட்டிருந்தார்கள்.