கேட்க விடாத கடையில் தட்டு வாங்கச் சொல்லாதீர்கள்

லண்டனில் எலக்ட்ரானிக் இசைத்தட்டு எங்கே வாங்கலாம் என்று யாராவது கேட்டால் போதும், உடனே ஒரு பட்டியல் வந்து விழுகிறது. அந்த மாலில் ஒரு கடை, இந்தப் புத்தகக்கடையின் மேல்மாடி, உடுப்புக்கடையின் ஒரு மூலை, காப்பிக்கடையின் சுவர். "இப்போது எங்கே பார்த்தாலும் வினைல்தானே, உனக்கு என்ன குறை?" என்கிறார்கள். கேட்கவே பற்றிக்கொண்டு வருகிறது. தட்டு விற்கும் இடங்கள் கூடியிருப்பது உண்மை. 2024இல் மட்டும் பிரிட்டனில் 67 லட்சம் வினைல் ஆல்பங்கள் விற்றிருக்கின்றன. ஆனால் எனக்குத் தேவையான தட்டை, எனக்குத் தேவையான விதத்தில் வாங்கக்கூடிய இடம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறது.

அண்மையில் போன ஒரு கடையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நகரின் நடுவில் இருக்கிறது, பெரிய கண்ணாடி முகப்பு, நல்ல வெளிச்சம். எலக்ட்ரானிக் என்று அட்டை செருகிய பிரிவு ஒரு முழம் இருக்கும். அதற்குள் க்ராஃப்ட்வெர்க், டாஃப்ட் பங்க், ஏஃபெக்ஸ் ட்வின், டெபெஷ் மோட் என்று எல்லாரும் அறிந்த பெரிய பெயர்கள். எல்லாமே நல்ல தட்டுகள், அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மறுபதிப்பு ஆல்பங்கள், ஒவ்வொன்றும் முப்பது பவுண்டைத் தொடுகிறது. பக்கத்துக்கு ஒரு பாட்டு, மிஞ்சினால் இரண்டு பாட்டு வரும் பன்னிரண்டு அங்குல சிங்கிள் ஒன்றுகூட இல்லை. ஹவுஸ், டெக்னோ, ஜங்கிள், கராஜ், டப்ஸ்டெப் எல்லாமே அந்த பன்னிரண்டு அங்குல சிங்கிளில் வளர்ந்த நடன இசை வகைகள். அது இல்லாத அலுமாரிக்கு எலக்ட்ரானிக் என்று அட்டை எதற்கு?

சரி, இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், "இதைக் கேட்டுப் பார்க்கலாமா?" என்றேன். கவுண்டரில் நின்ற பெடியன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் ஒரு டெக், அதுதான் தட்டுப் போடும் கருவி, சுழன்றுகொண்டுதான் இருந்தது. அது கடைக்குள் பாட்டுப் போடுவதற்காம், வாடிக்கையாளருக்கு இல்லையாம். "உறையில் ஒரு கோட் ஒட்டியிருக்கிறது, ஃபோனில் ஸ்கேன் பண்ணிக் கேளுங்கள்" என்றான். அவன்மேல் பிழை இல்லை, அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். என் கோபம் அந்தக் கடையை அப்படி அமைத்தவர்கள்மேல்.

ஃபோனில் கேட்பதா? டப்ஸ்டெப்பின் உயிர் 40, 50 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அந்த பேஸ் எந்த ஃபோன் ஸ்பீக்கரிலும் வராது. அது இல்லாமல் கேட்டால் மிஞ்சுவது ஒரு ஸ்னேர் டிரம் அடியும் கொஞ்சம் எதிரொலியும்தான். அதைக் கேட்டுவிட்டுக் காசு கொடுக்க வேண்டுமாம். இன்னொன்று, ஃபோனில் கேட்பது பாட்டை மட்டும்தான். நான் வாங்கப்போவது தட்டை. அது வளைந்திருக்கிறதா, நடு ஓட்டை விலகியிருக்கிறதா, தொழிற்சாலையில் அழுத்தும்போது சத்தம் புகுந்திருக்கிறதா என்று ஊசி வைத்தால்தான் தெரியும். நடு ஓட்டை கொஞ்சம் விலகினால் போதும், நீண்ட சுரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கி ஆடும். மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நம் வீட்டில் யாராவது வாங்குவார்களா?

மற்ற இசையை விட இதற்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்ல வேண்டும். இதில் பெரும்பாலும் பாடகர் இல்லை. முகம் இல்லை. பல தட்டுகளுக்கு அட்டைப்படமே கிடையாது. நடுவில் ஓட்டை போட்ட வெறும் உறை, வெள்ளை லேபிள், அதில் ரப்பர் முத்திரையோ மார்க்கர் பேனாவால் எழுதிய ஓர் எண்ணோ இருக்கும். ஒரே ஆள் நாலு பெயரில் தட்டுப் போடுவார். லேபிளை, அதாவது தட்டை வெளியிடும் நிறுவனத்தின் பெயரை, வைத்துத்தான் ஓரளவு வழி பிடிக்கலாம். மெட்ரோப்ளெக்ஸ் என்றால் டெட்ராய்ட், 1985இல் ஹுவான் அட்கின்ஸ் தொடங்கியது. பேசிக் சேனல் என்றால் பெர்லின், 1993, மார்க் எர்னெஸ்டஸும் மோரிட்ஸ் ஃபோன் ஓஸ்வால்டும். அதனால்தான் நல்ல கடைகளில் லேபிள், ஊர், வகை என்று பிரித்து அடுக்குகிறார்கள். இந்தப் புதுக் கடைகளில் அ முதல் ஃ வரை அகரவரிசை! பெயரே இல்லாத தட்டை எந்த எழுத்தில் போய்த் தேடுவது? கடைசி முடிவு எப்போதும் காதில்தான். ஹெட்ஃபோனை மாட்டி, ஊசியை வைத்து, அறிமுகத்தைத் தாண்டி, பேஸ் இறங்கும் இடத்துக்கு நகர்த்தி, பிறகு மறுபக்கம் திருப்பிக் கேட்கிற இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தைத் தராத இடத்தை நான் கடை என்று சொல்லமாட்டேன், கிடங்கு என்பேன்.

இந்த நகரத்துக்கு இது தெரியாதா என்ன? சோஹோவில் டார்ப்ளே ஸ்ட்ரீட்டில் பிளாக் மார்க்கெட் ரெக்கார்ட்ஸ் இருந்தது. மேலே ஹவுஸும் கராஜும், கீழ்த்தளத்தில் ஜங்கிளும் டிரம் அண்ட் பேஸும். வெள்ளிக்கிழமை அந்த கவுண்டரில் ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் நிற்பவர் புதுத் தட்டை வைப்பார், பிடித்தவர்கள் கை தூக்குவார்கள், தட்டு கைமாறும். அந்தக் கடை இன்று இல்லை.

அதைவிட எனக்கு நெஞ்சு எரிவது க்ராய்டனை நினைத்தால்தான். தெற்கு லண்டனின் தோர்ன்டன் ஹீத்திலும் க்ராய்டனிலும் எத்தனை ஆயிரம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. நாங்கள் மரக்கறி வாங்கப் போகும் சர்ரே ஸ்ட்ரீட் சந்தையில்தான் பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் இருந்தது. டிஜே ஹாட்சா அங்கே கவுண்டரில் நின்றார். பின்னாளில் டப்ஸ்டெப்பில் பெரிய பெயர் எடுத்த ஸ்க்ரீமும் பெங்காவும் பதின்ம வயதுப் பையன்களாக அந்தக் கடையையே சுற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் கணினியில் செய்த பாட்டைக் கொண்டுவந்து அங்கே போட்டுக் காட்டினார்கள். கடையே ஒரு லேபிள் தொடங்கி அவர்களின் தட்டை வெளியிட்டது. டப்ஸ்டெப் என்று உலகம் முழுக்கப் போன இசை உருவான இடங்களில் அந்தச் சின்னக் கடை முதன்மையானது. 2004இல் மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் பிரிக்ஸ்டனில் டிஎம்இசட் என்ற டப்ஸ்டெப் நடன இரவுகள் தொடங்கின, அதன்பின் அந்த இசை எங்கெல்லாமோ போனது. அதை உண்டாக்கிய தெருவில் இன்று ஒரு பிள்ளை போய் அந்தத் தட்டைத் தேடினால் தக்காளியும் வாழைப்பழமும்தான் கிடைக்கும். எங்கள் பிள்ளைகளும் ரின்ஸ் எஃப்எம் வானொலியை அது 2010இல் உரிமம் பெறுவதற்கு முன்பே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்டு வளர்ந்தவர்கள்தான். அவர்களுக்கும் அந்தக் கடை சொந்தம்.

கடை ஏன் மூடுகிறது என்று கேட்டால், "ஆட்கள் எல்லாம் டிஜிட்டலுக்குப் போய்விட்டார்கள்" என்று ஒரே பதில். அது பாதிதான். மீதி, சோஹோவின் வாடகை. அதற்கு மேல், தட்டு அழுத்தும் தொழிற்சாலைகளில் நடக்கும் அநியாயம். 2020 பெப்ரவரியில் கலிஃபோர்னியாவில் அப்பல்லோ மாஸ்டர்ஸ் தீப்பிடித்து எரிந்தது. தட்டு அழுத்துவதற்கு முன் பாட்டை வெட்டும் மூலத்தட்டான லாக்கர் செய்ய உலகத்தில் இருந்ததே இரண்டு தொழிற்சாலை, அதில் ஒன்று போய் ஜப்பானில் ஒன்று மிஞ்சியது. அதே நேரத்தில் பெரிய கம்பெனிகள் எல்லாம் தங்கள் பழைய ஆல்பங்களை நாலு நிறத்தில் திரும்ப அழுத்த வரிசையில் வந்து நின்றன. முன்னூறு தட்டு அழுத்தக் கேட்கும் சின்ன லேபிள்காரருக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. யாருமே வினைலைச் சீண்டாத காலத்தில் அந்தத் தொழிற்சாலைகளுக்கு வேலை கொடுத்து வாழவைத்தவர்களில் டான்ஸ் இசைக்காரர்கள் முக்கியமானவர்கள். இப்போது அவர்களே வரிசையின் கடைசியில்.

கடைகளில் சிறப்புத் தட்டுகள் வெளியாகும் நாளாக ஏப்ரலில் வருகிற ரெக்கார்ட் ஸ்டோர் டே பற்றியும் என்னிடம் பெருமையாகச் சொல்லாதீர்கள். அதிகாலையில் வரிசையில் நின்று வாங்கிய தட்டு அன்று பின்னேரமே இணையத்தில் மூன்று மடங்கு விலைக்கு நிற்கிறது. உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அந்தத் தட்டை ஒருநாள்கூட ஒருவரும் கேட்டு ஆடப்போவதில்லை.

பழைய தட்டுக் கடையாவது தப்புமா என்று பார்த்தால் அங்கேயும் ஃபோன்தான். கிழக்கு லண்டனில் ஒரு கடையில் தொண்ணூறுகளின் தட்டு ஒன்றை எடுத்தேன். எட்டு பவுண்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் என் கண்முன்னாலேயே ஃபோனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இருபத்தைந்து போகிறது, ஸ்டிக்கர் பழசு" என்று உரித்துவிட்டார். மறுபக்கத்தில் ஒரு கீறல் நகத்தில் தட்டுப்பட்டது. அதைக் காட்டினேன். "அதுதான் விலை" என்றார். தட்டைக் கையில் எடுத்துப் பார்க்கவும் இல்லை. அவர் ஃபோனில் பார்த்தது டிஸ்காக்ஸ் இணையதளத்தை, அது 2000இல் எலக்ட்ரானிக் இசைக்கான தகவல் பட்டியலாகத்தான் தொடங்கியது. யார் எந்தப் பெயரில் எந்த லேபிளில் போட்டார்கள் என்று ஆர்வலர்கள் கூலி வாங்காமல் உட்கார்ந்து எழுதிச் சேர்த்தது. அந்த உழைப்பை இன்று கடைக்காரர்கள் விலை ஏற்றும் அளவுகோலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தட்டின் நிலையைப் பார்க்காமல், எங்கோ ஒருவர் புத்தம்புதுத் தட்டுக்குக் கேட்ட விலையைக் கீறல் தட்டுக்குக் கேட்பது வியாபாரம் இல்லை, பகல்கொள்ளை.

"அப்படியானால் பெர்லினிலிருந்து எடு" என்பார்கள். முன்பு எடுத்தேன். அங்கே ஹார்ட் வாக்ஸ் என்ற கடை 1989இலிருந்து நிற்கிறது, அவர்கள் தட்டுக்கு எழுதும் ஒற்றை வரிக் குறிப்பு பல இதழ்களின் விமர்சனத்தைவிட நம்பகமானது. ஆனால் 2021 ஜனவரி 1க்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து பார்சல் எடுப்பதென்றால் தலையிடி. 135 பவுண்டுக்கு உட்பட்டால் விற்பவரே பிரிட்டன் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். அந்தப் பதிவு வேலைக்குப் பயந்து எத்தனையோ சின்ன லேபிள்கள் இங்கே அனுப்புவதையே விட்டுவிட்டன. 135க்கு மேல் போனால் வாசலில் வைத்து 20 சதவீத வரி, அதற்கு மேல் பார்சல் கம்பெனிக்கு அதன் கைக்கூலி. தபால் செலவையும் சேர்த்தால் அந்த மேலதிகக் காசிலேயே இன்னொரு தட்டு வாங்கலாம்.

சரி, இனிமேல் யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். போலந்து ஸ்ட்ரீட்டில் ஃபோனிகாவுக்குப் போங்கள். 2003இலிருந்து சோஹோவில் தாக்குப்பிடித்து நிற்கிறது. அங்கே டெக் இருக்கிறது, ஹெட்ஃபோன் இருக்கிறது, ஒரு கட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் நின்று வடிவாகக் கேட்கலாம். எது வேண்டும் என்று கவுண்டரில் சொன்னால் அவர்களும் நாலு தட்டு எடுத்துத் தருவார்கள். பிராட்விக் ஸ்ட்ரீட்டில் சவுண்ட்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ், டப், ரெகே பக்கமும் காது இருந்தால் கட்டாயம். பெர்விக் ஸ்ட்ரீட்டில் ரெக்லெஸ், பழைய தட்டுக்கு. மூன்றும் நடக்கும் தூரம்தான். சனிக்கிழமை போகாதீர்கள், டெக்குக்கு வரிசை நிற்கும். கிழமை நாளில் மதியத்துக்கு முன் போங்கள். போனால் தயவுசெய்து வாங்குங்கள், அங்கே கேட்டுவிட்டு வீட்டில் வந்து இரண்டு பவுண்ட் மலிவாக இணையத்தில் எடுக்கிற வேலை வேண்டாம். அந்த வேலையும்தான் கடைகளைத் தின்றது.

மற்றக் கடைக்காரர்களே, உங்களிடம் இடம் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, ஒரு தட்டுக்கு முப்பது பவுண்ட் கேட்கும் துணிவும் இருக்கிறது. சுவரோரம் ஒரு டெக்கும் ஒரு ஹெட்ஃபோனும் வைக்க எவ்வளவு ஆகும்? காப்பி இயந்திரத்துக்கு நீங்கள் கொடுத்த காசில் பாதிகூட வராது. அதை வையுங்கள், அந்த ஒரு முழத்தில் பன்னிரண்டு அங்குல சிங்கிள்களில் ஒரு பத்தையாவது உறை பிரித்துப் போடுங்கள். அதுவரை நான் உங்கள் கதவைத் திறக்கப்போவதில்லை, கேட்பவர்களையும் அனுப்பப்போவதில்லை.